மேஜர் குரைக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு நாய் மேஜரை, வாசலுக்கு யார் வந்தாலும் குரைக்காமல் இருக்கப் பழக்கிவிடுவது என்று ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு முடிவெடுத்தேன். முடிவெடுத்தவன் நான்தான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பி.டி. வாத்தியார். பெயர் நாகராசு. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக விசில் ஊதுகிறேன். அறுநூறு பிள்ளைகள் என் ஒரு விசிலுக்கு வரிசையில் நிற்பார்கள். தலைமையாசிரியர்கூட என் விசில் சத்தம் கேட்டால் ஒரு கணம் கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்வார். இதெல்லாம் பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும்தான். என் வீட்டு கேட்டுக்குள் அதிகாரம் செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி சொர்ணவல்லி. இன்னொன்று மேஜர்.

மேஜருக்கு மூன்று வயது. செவலை நிறம். பாதி ராஜபாளையம் என்று கொடுத்தவர் சொன்னார். மீதிப் பாதி எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதுவரை யாரையும் கடித்தது கிடையாது. ஆனால் அது குரைக்கிற குரைப்பில், கடித்திருந்தால் தேவலை என்று வந்தவர்களுக்குத் தோன்றிவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் நடுரோட்டில் சிலிண்டரை இறக்கிவிட்டு அங்கிருந்தே போன் போடுவார். எங்கள் தலைமையாசிரியர் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்து, கேட்டுக் கம்பியில் செருகிவிட்டு ஓடிப்போனார். ஓடினார் என்றால் ஓட்டம்தான். நூறு மீட்டரை அவர் அவ்வளவு வேகமாகக் கடந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பத்திரிகை வைக்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வரவேண்டும். உள்ளே வந்து உட்கார வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகையைக் கையில் கொடுத்து, வாயால் கூப்பிட வேண்டும். கேட்டில் செருகினது, வாட்ஸ்அப்பில் வந்தது எதுவும் அழைப்பில் சேராது. இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் என்னைவிடக் கறாரான ஆள் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலை, நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, சொர்ணவல்லி தலை துவட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏங்க, அன்புமொழிக்குப் பத்திரிக்க அடிச்சு வந்துருச்சாம். ஆவணி இருவத்தாறு கல்யாணம்."

பிரஷ் கையிலேயே நின்றுவிட்டது.

"ஆரு சொன்னா?"

"பூக்கடையில பேசிக்கிட்டாங்க. நேத்து பெருக்குக்குக் கொலசாமிகிட்ட வச்சுப் படச்சாச்சாம். ஆடி முடியவும் தாய்மாமனுக்கு வச்சுட்டு, அதுக்கப்பறந்தான் ஊருக்குக் குடுப்பாங்க."

அன்புமொழி என் அக்கா ராசாத்தியின் மகள். திருவரங்குளத்தில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன் நான். நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் அவள் மூன்றாவதாக வந்தபோது, மைதானத்தில் முதல் பரிசு வாங்கினவனைப் போல ஆடினவன் நான். எனக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் பிள்ளை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் என்னைப் பற்றித்தான் மட்டமாக நினைப்பீர்கள், பரவாயில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அக்கா புது வீடு கட்டிக் குடிபோனாள். பந்தியில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் அழகுமலை சாம்பார் வாளியோடு வந்தவர், பத்துப் பேர் நடுவில், "எங்க மாப்ளைக்கென்ன, விசில் ஊதுனாச் சம்பளம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். எழுந்ததோடு விட்டேனா? "இனிமே என் வாசல்ல வந்து நின்னு கூப்புடாம இந்த வாசல்ல கால வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சோற்றை வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து போனவன் தானாக வரட்டும் என்று அக்காவும் இருந்துவிட்டாள். அவளும் எங்கள் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே.

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"வரட்டும்" என்றேன்.

"வருவாங்க. வந்தா இந்த நாயி உள்ள விடுமா? நாய நாம வாங்குனதே சண்டைக்கு அப்பறம். அண்ணிய அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் மேஜரைப் பார்த்தேன். அது பால்காரரின் சைக்கிள் மணியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

"நீங்களே ஒரு எட்டு போயிட்டு வந்துட்டா என்னங்க?"

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப நாயத்தான் பழக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அப்போதுதான் நான் முடிவெடுத்தேன். ஆவணி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் போட்டால் பதிமூன்று நாள். அக்கா ஒரு தடவைதான் வருவாள். மேஜர் பாய்ந்து குரைத்து, அவள் கேட்டில் பத்திரிகையைச் செருகிவிட்டுப் போய்விட்டால், என் சட்டப்படி அது அழைப்பில்லை. அன்புமொழிக்குத் தாய்மாமன் மாலை போட ஆள் இருக்காது.

முதல் நாள் பயிற்சிக்கு எதிர் வீட்டு ஜெரால்டை அழைத்தேன். லாரி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாது. கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்தேன். அக்கா சேலையில்தானே வருவாள் என்று சொர்ணவல்லியின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை அவர் தோளில் போட்டுவிட்டேன்.

"சார், நான் மாதா கோயில்ல பாட்டுப் பாடுறவன். யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க" என்றார் ஜெரால்டு.

"அஞ்சு நிமிசம். நடந்து வந்து கேட்டத் தொறங்க. அவ்வளவுதான்."

அவர் கேட்டில் கை வைத்தார். தினமும் மேஜருக்கு ரொட்டி போடுகிற மனிதர். ஆனால் சேலை போட்ட ஜெரால்டை அதற்கு முன்னே பின்னே பார்த்துப் பழக்கமில்லை. அது பாய்ந்த பாய்ச்சலில் தாம்பாளம் ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம். தேங்காய் கேட்டுக் கல்லில் பட்டு இரண்டாக உடைந்தது. சேலை கம்பியில் மாட்டிக்கொண்டு, அவர் மட்டும் வீடு போய்ச் சேர்ந்தார். தெருவில் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

இரண்டாம் நாள் விசிலை எடுத்தேன். மேஜர் குரைத்தால் விசில். நிறுத்தினால் கருவாடு. திட்டம் இதுதான். அது குரைத்தது. நான் ஊதினேன். விசிலுக்கு அது பதில் குரைத்தது. நான் இன்னும் ஓங்கி ஊதினேன். அதுவும் விடவில்லை. பத்து நிமிடத்தில் தெருக்கோடி வரைக்கும் நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. சொர்ணவல்லி வாசலுக்கு வந்து நிதானமாகச் சொன்னாள்.

"ஏங்க, இப்ப ரெண்டு பேரு கொரைக்கிறீங்க."

விசிலை ஆணியில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் போனில் ஒரு வீடியோ பார்த்துப் பாடம் படித்தேன். கொய்யா மரத்தடியில் ஒரு சாக்கு விரிக்க வேண்டும். வாசலில் ஆள் தெரிந்தால் நாய் அந்தச் சாக்கில் போய் உட்கார வேண்டும். ஒரு வினாடி வாய் மூடியிருந்தால் ஒரு துண்டு. பிறகு இரண்டு வினாடிக்கு ஒரு துண்டு. இப்படியே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கோட்டைப்பட்டினத்திலிருந்து வண்டியில் கருவாடு கொண்டுவருகிற அம்மாவிடம் நெத்திலிக் கருவாடாக வாங்கிக் குவித்தேன். அந்த அம்மாவைப் பார்த்து மட்டும் மேஜர் முதல் நாளே குரைப்பதை நிறுத்திவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் சொர்ணவல்லிதான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்கிற எந்தக் காரியத்துக்கும் அவள் கூட வந்து நின்றது கிடையாது. நான் தோட்டம் போட்டபோது, முளைக்காது என்றாள். யோகா செய்தபோது, கட்டில் ஆடுகிறது என்றாள். இப்போது என்னடாவென்றால், அவளே கருவாட்டுத் தலையைக் கிள்ளி டப்பாவில் போட்டு வைத்தாள். அவளே சாக்கை உதறி விரித்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், "இன்னைக்கி எத்தன வினாடிங்க?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து மனைவி மதிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

கூடவே அவள் செய்தியும் கொண்டுவந்தாள். செய்தி கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை வீட்டில் ஆடியென்றும் பார்க்காமல் பத்திரிகை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். அக்கா வீட்டில் முந்நூறு பத்திரிகை பீரோவில் அப்படியே இருக்கிறதாம். "தாய்மாமனுக்கு வைக்காம ஒண்ணக்கூட வெளிய எடுக்கக்கூடாது" என்று அக்கா பூட்டி வைத்திருக்கிறாளாம். மச்சான் வீட்டுச் சொந்தக்காரர்கள், "வராத மாமனுக்காக எத்தன நாள் காத்திருக்குறது, பெரியப்பா மகன் போட்டா மால விழாதா" என்று கேட்கிறார்களாம். இவ்வளவும் பூக்கடையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பெரியப்பா மகன் மாலையோடு நிற்கிற மாதிரி ஒரு காட்சிதான் கண்ணுக்குள் வந்து வந்து போனது. அவன் கழுத்தே சரியில்லாத ஆள்.

"வருவாளா சொர்ணம்?" என்று ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நாய் ரெடியாயிருச்சான்னு மட்டும் பாருங்க" என்றாள்.

சனிக்கிழமை ஒத்திகை. ஜெரால்டு மறுபடியும் சேலையோடு வந்தார். இந்தத் தடவை தேங்காய்க்குப் பதில் பந்து. அவர் கேட்டில் கை வைத்தார். மேஜர் தலையைத் தூக்கியது. அது எழுந்தது, நடந்தது, கொய்யா மரத்தடிச் சாக்கில் போய் உட்கார்ந்தது. வாய் திறக்கவில்லை. கேட் திறந்தது, மூடியது. ஜெரால்டு தாம்பாளத்தோடு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். மேஜர் என்னைப் பார்த்தது. டப்பாவில் இருந்த கருவாடு முழுவதையும் அதன் முன்னால் கொட்டினேன்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் ஜெரால்டு, சேலையை மடித்துக்கொண்டே. "இனிமே வாசல்ல யாரு வந்தாலும் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கண்ணு காது இல்லையா?" என்றேன். சொர்ணவல்லி அவரை ஒரு பார்வை பார்த்ததை நான் கவனித்தேன். சேலையைச் சரியாக மடிக்கவில்லை என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு விடிந்தது. ஆறரைக்கே குளித்து, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலண்டரில் ராகு காலம் சாயங்காலம்தான். காலையில்தான் வருவாள். எங்கள் கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே நாற்பதடி தூரம். நடுவில் தென்னங்கன்றுகள். ஒரு கார் போனால் எழுவேன். ஸ்கூட்டர் போனால் எழுவேன். எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. தெருவில் ஐஸ் வண்டி வந்து போனது. மேஜர் சாக்கில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் ஒரே எதிர்பார்ப்பு, காரணம்தான் வேறு.

பத்து மணிக்கு சொர்ணவல்லி பின்னாலிருந்து கூப்பிட்டாள். கொல்லையில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையாம்.

"அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

"வர்றவங்க கை கால் கழுவத் தண்ணி வேணாமா? நான் இங்க பாத்துக்கிறேன், நீங்க போங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை. காற்றுப் பிடித்திருக்கும் என்று நட்டைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினேன். வரவில்லை. பைப்பைத் தட்டினேன். வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தொட்டிக்குப் போகிற வால்வு மூடிக் கிடப்பதைப் பார்த்தேன். மூடுகிற ஆள் எங்கள் வீட்டில் யார் என்று திட்டிக்கொண்டே திறந்துவிட்டு முன்பக்கம் வந்தேன்.

கேட்டுக் கம்பியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது.

நாற்பதடியையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. பையில் ஒரு தேங்காய். வெற்றிலை, பாக்கு, குங்குமப் பொட்டலம், மல்லிகைப் பூ. நாலு மூலையிலும் மஞ்சள் தடவின பத்திரிகை. அதன் மேல், 'தம்பி நாகராசு – சொர்ணவல்லி' என்று எழுதியிருந்தது. அக்கா கையெழுத்துதான். எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த கையெழுத்து எனக்குத் தெரியாதா? தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தேன். ஆள் இல்லை.

மேஜர் சாக்கில் உட்கார்ந்து, கருவாட்டுக்காக வாலை ஆட்டியது. சொன்னதைச் சொன்னபடி செய்த பெருமை அதன் முகத்தில் இருந்தது.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்து நாலு வயது ஆள் தெருவில் நின்று அழுதான் என்று எழுத எனக்கு வெட்கமாக இல்லை. அவள் வந்திருக்கிறாள். நாலு வருடம் கழித்து, தட்டோடு என் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். நாய் குரைத்திருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். குரைக்கக்கூடாது என்று பதிமூன்று நாள் உட்கார்ந்து பழக்கியவன் நானே.

சொர்ணவல்லி பின்னாலேயே வந்து நின்றாள்.

"நீ இங்கிட்டுத்தானடி இருந்த?"

"அடுப்புல பால் பொங்குச்சு, உள்ள போனேன். நாயி சத்தமே கேக்கலையேங்க."

"எவ்வளவு நேரம் நின்னாளோ. தம்பி வேணும்னே உள்ளயே இருக்கான்னு நெனச்சிருப்பா."

"கேட்டுல மாட்டுனது அழைப்புல சேராதும்பீங்களே" என்றாள் மெல்ல.

"பேசாம இரு. போயிச் சேலைய மாத்து. திருவரங்குளம் போறோம்."

மாற்றியே இருந்தாள். அரக்குப் பட்டு, தலையில் பூ, கையில் ஒரு கட்டைப்பை நிறையப் பழம். அன்றைக்கு என் கண்ணில் எதுவும் பதியவில்லை. பைக்கைக் கிளப்பினேன்.

ஆலங்குடி தாண்டினோம், வம்பன் தாண்டினோம். இந்நேரம் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாள்? பீரோவைத் திறந்து முந்நூறு பத்திரிகையையும் ஊருக்குக் கொடுக்கச் சொல்லியிருப்பாள். பெரியப்பா மகனுக்கு வேட்டி எடுக்க ஆள் போயிருக்கும். பின்னால் சொர்ணவல்லி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள்.

திருவரங்குளத்தில் கோயில் தாண்டி மூன்றாவது தெரு. அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன வாசல். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வருடத்தில் முடி நன்றாக வெளுத்திருந்தது. பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது எல்லாம் போய்விட்டது.

"அக்கா, நீ வந்து நின்னது எனக்குத் தெரியாதுக்கா. நான் கொல்லையில மோட்டார்கிட்ட இருந்தேன். நாயி கொரைக்கலக்கா."

அக்கா என் தோளுக்கு மேலே சொர்ணவல்லியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"நான் வந்தது கெடக்கட்டும்டா. நீ வந்துட்டல்ல. உள்ள வா."

அவள் காலில் விழுந்தேன். பாதி இலையில் எழுந்தது தப்பு என்றேன். "அதான் எலை போட்டுருக்கேன், வந்து முடி" என்றாள். கூடத்தில் நிஜமாகவே இலை போட்டிருந்தது. அதுவும் சூடான சோற்றோடு. மச்சானே வாளியோடு வந்து சாம்பார் ஊற்றினார். "கல்யாணத்துக்கு விசில மறந்துறாதீங்க மாப்ள. பந்திக்கு ஆளுகள வரிசையா ஒக்கார வைக்க ஒங்கள விட்டா யாரு" என்றார். அதே விசில்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்புமொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, மால நீங்கதான போடுறீங்க?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. புதன்கிழமை சாயங்காலம் அக்காவும் மச்சானும் முறைப்படி தட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். ஜெரால்டு அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கருவாட்டு டப்பாவோடு கொய்யா மரத்தடியில் நின்றேன்.

கார் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். கேட்டில் கை வைத்தாள்.

மேஜர் குரைக்கவில்லை. சாக்குக்கும் போகவில்லை. காதை மடக்கிக்கொண்டு ஓடியது. முனகியது. அவள் காலடியில் மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கியது. அக்கா குனிந்து அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்து, "என்னடா, கருவாடு தின்னு தின்னு வயிறு வந்துருச்சு" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா பயிற்சிய" என்று ஜெரால்டைப் பார்த்துச் சத்தம் கொடுத்தேன். ஜெரால்டு வானத்தைப் பார்த்தார்.

அப்போது காரின் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மச்சான் இறங்கினார். மேஜர் துள்ளி எழுந்தது. அது குரைத்த குரைப்பில் தென்னங்கன்றே ஆடியது. மச்சான் தட்டோடு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாக்கு, கருவாடு, பதிமூன்று நாள் எல்லாம் காற்றில் போயின. அக்கா திரும்பி, "டேய், சும்மா இரு" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அது வாயை மூடிக்கொண்டது.

எனக்கு மெதுவாகத்தான் புரியும். ஆனால் புரியும்.

அக்கா உள்ளே போய்விட்டாள். நான் சொர்ணவல்லியைக் கொய்யா மரத்துக்கு அங்கிட்டுக் கூப்பிட்டேன்.

"மேஜருக்கு அக்காவத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"அண்ணி மாசத்துக்கு ரெண்டு தடவ வருவாங்க. நீங்க ஸ்கூலுக்குப் போனதுக்கப்பறம்."

"எத்தன வருசமா?"

"நாலு வருசமா. சண்ட ஒங்க ரெண்டு பேருக்குந்தான. எங்களுக்குள்ள என்ன சண்ட?"

"அன்னைக்கி ஞாயித்துக்கெழம வந்தாளா?"

"வரல."

"அந்தப் பை?"

"வெள்ளிக்கெழம வந்தப்ப குடுத்துட்டுப் போனாங்க. நாந்தான் மாட்டுனேன்."

"அப்ப நான் பதிமூணு நாளா நாயப் போட்டுப் பழக்குனது எதுக்கு?"

"அது வேணுங்க" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "இல்லன்னா, நாயி கொரைக்கல, அதனால யாரும் வரலன்னு நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்கள்ல."

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். என் வீடு, என் வாசல், என் நாய், என் வைராக்கியம். இருபத்தாறு வருடம் மைதானத்தில் பழகிய குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, ரெண்டு பேரையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று நேராக அடுப்படிக்குள் போனேன்.

அக்கா எங்கள் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் எனக்கு இனிப்பு கூடாது என்று சொன்ன நாளிலிருந்து, மூன்று வருடமாக, சொர்ணவல்லி ஒளித்து வைத்திருக்கிற சர்க்கரை டப்பாவை நான் இந்த வீட்டில் தேடாத இடமில்லை. அக்கா யாரையும் கேட்கவில்லை. கீழே குனிந்து, பழைய இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்து, டப்பாவை எடுத்தாள்.